சட்டப் பேராசிரியராக அண்ணல் அம்பேத்கர்

பாபாசாகேப் டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் அவர்களை, அரசியலமைப்புச் சட்டத்தை வகுத்த குழுவின் தலைவராகவும், 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாக்பூரில் பல இலட்சம் மக்களைப் புத்த தம்மத்திற்கு அழைத்துச் சென்ற வழிகாட்டியாகவும் நம்மவர் அனைவரும் அறிவர். ஆனால் அவர் பல்லாண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தவர் என்பதும், பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வராக மூன்றாண்டுகள் பணியாற்றியவர் என்பதும் நம்மில் பலர் நினைவில் நில்லாத செய்திகளாம். அவ்வரலாற்றை ஈண்டு ஒழுங்குபட எடுத்துரைக்க விழைகின்றோம். உயர்பதவி ஒன்று வாய்த்தவுடன் தாம் பிறந்த சேரியின் பெயரைச் சொல்லவும் கூசுவோர் நம்மிடையே இல்லாமலில்லை. அத்தகையோர் வீட்டிலும் இவ்வரலாறு ஒருமுறை உரக்கப் படிக்கப்படுமாயின் அதுவே நமக்குப் போதும்.

கோணிச் சாக்கில் அமர்ந்த மாணவர்

அண்ணல் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், இந்நாளில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோவ் என்னும் படைமுகாமில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதார் பதவி வகித்தவர். படையினர் பிள்ளைகளுக்கான பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். ஆகவே ஆசிரியத் தொழில் அண்ணலுக்குத் தந்தை வழியே வந்த செல்வம் என்று கூறினும் பொருந்தும்.

சாத்தாராப் பள்ளியில் அவருக்குப் பலகையில் இடமில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிச் சாக்கில் தனியே அமர்ந்து படித்தார். பள்ளி ஏவலாள் குழாயைத் திறந்துவிட்டாலன்றி அவர் நீர் அருந்துதல் இயலாது. ஏவலாள் வாராத நாளில் நாவறட்சியோடு வீடு திரும்ப வேண்டுவதே. பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பின்னரும் வடமொழி பயில அவருக்கு இசைவு கிட்டவில்லை. அதனால் பாரசீகத்தை எடுத்துப் படித்தார். 1907-இல் மெட்ரிக்குலேஷன் தேறினார். அவ்வெற்றியைப் பாராட்டிக் கூடிய கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் இயற்றிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசாக அளித்தார். அந்நல்லாசிரியரே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் பரிந்துரைத்து, மாதம் ரூ. 25 உதவித்தொகை கிடைக்கச் செய்தவர்.

அதே மன்னரின் உதவியால் 1913-இல் அமெரிக்கா சென்று, நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். ஜான் டூயி, எட்வின் செலிக்மன் போன்ற பெரும் பேராசிரியர்களிடம் பாடங் கேட்டது அங்கேதான். 1916-இல் லண்டன் சென்று, ஒருபுறம் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், மறுபுறம் பாரிஸ்டர் படிப்புக்காகக் கிரேஸ் இன் என்னும் வழக்கறிஞர் கழகத்திலும் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் இரண்டையும் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது.

குடிநீர்ப் பானையும் பேராசிரியரும்

மன்னருக்களித்த வாக்கின்படி பரோடா சென்று பணியேற்றார். அங்கே அலுவலகச் சிப்பந்திகள் கோப்புகளைக் கையில் தாராது மேசைமீது எறிந்தனர். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் அவரை விரட்டினர். நகர் முழுவதும் தேடியும் தலைசாய்க்க ஓரிடம் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் உயர்கல்வி பெற்ற அவ்விளைஞர் மனமுடைந்து பம்பாய்க்குத் திரும்பினார்.

1918-ஆம் ஆண்டு நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் அரசியற் பொருளாதாரப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மாதச் சம்பளம் ரூ. 450. தீண்டத்தகாத வகுப்பிலிருந்து வந்த இவர் நமக்கென்ன கற்பித்துவிடப் போகிறார் என்று தொடக்கத்தில் மாணவர் சிலர் அலட்சியமாக இருந்தனர். சில வாரங்களில் நிலைமை மாறிற்று. பிற கல்லூரி மாணவரும் இசைவு பெற்று வந்து அவர் விரிவுரையைக் கேட்கலாயினர். எனினும் ஆசிரியர் அறையிலிருந்த குடிநீர்ப் பானையை அவர் தொடுவதற்கு உடனாசிரியர் சிலர் தடை கூறினர். சாத்தாராவில் சிறுவனுக்கு மறுக்கப்பட்ட அதே நீர், பேராசிரியர் ஆன பின்னும் மறுக்கப்பட்டது. கல்வி மிகுந்தால் சாதி தானே அகலும் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியைச் சிந்திப்பாராக. கற்றவர் அமர்ந்த அறையிலேயே அப்பானை இருந்தது!

அக்காலத்தில் அண்ணலின் இல்லம், ஆலைகள் சூழ்ந்த பரேல் பகுதியில் தொழிலாளர் வாழும் சால் ஒன்றில் இரண்டே அறைகள். ரூ. 450 சம்பளம் பெற்றவர் அதைவிட்டு அகலவில்லை. அன்னை ரமாபாய் சிக்கனமாகக் குடும்பம் நடத்த, எஞ்சிய பணமெல்லாம் லண்டனில் விட்ட படிப்பை முடிப்பதற்காகச் சேமிக்கப்பட்டது. 1920 மார்ச்சில் பதவியைத் துறந்தார். கோலாப்பூர் சாகு மன்னரின் உதவியும், நவல் பதேனா என்னும் பார்சி நண்பர் கொடுத்த கடனும் துணைநிற்க, மீண்டும் லண்டன் சென்றார். 1921-இல் எம்.எஸ்ஸி., 1922-இல் பாரிஸ்டர், 1923-இல் டி.எஸ்ஸி. என மூன்று தகுதிகளும் அடுத்தடுத்து வந்தன. பதவி கிடைத்தபின் படிப்பை மூட்டைகட்டி வைப்போர் பலர். படிப்பை முடிப்பதற்காகவே பதவியை உதறியவர் அண்ணல்.

சட்டம் கற்பிக்க வந்த காரணம்

1923-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அக்கால வழக்கப்படி, பாரிஸ்டர்களுக்கு வழக்குகளைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் சொலிசிட்டர்கள் என்னும் இடைநிலை வழக்கறிஞர்கள். தீண்டத்தகாதார் ஒருவரிடம் வழக்கை ஒப்படைக்க அவர்களுள் முன்வந்தோர் அரியர். பரேலில் தாமோதர் மண்டபத்தருகே இருந்த அவருடைய அலுவலகத்தை நாடி வந்தோரோ பெரும்பாலும் ஏழைகள். கட்டணம் கொடுக்க இயலாதாரையும் அவர் திருப்பியனுப்பியதில்லை. ஆதலின் குடும்பம் நடத்த வேறொரு வருவாய் வேண்டியிருந்தது. 1925 முதல் 1928 வரை பட்லிபாய் கணக்கியல் பயிற்சிக் கழகத்தில் பகுதிநேர ஆசிரியராக வணிகச் சட்டம் கற்பித்தார். 1928-இல் அரசினர் சட்டக் கல்லூரியில் சிலகாலம் தற்காலிகப் பேராசிரியராகவும் பணிபுரிந்தார்.

அச்சட்டக் கல்லூரியின் ஏனைய ஆசிரியர்கள் எத்தகையோர் என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். அவர்களும் பெரும்பாலும் நீதிமன்றத்தில் தொழில் நடத்தியவாறே பாடம் நடத்தியவர்களே. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அங்குக் கற்பித்த எம். சி. சாக்ளா வசதிமிக்க வணிகக் குடும்பத்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர், 1947-இல் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். அண்ணலுக்குப் பின் 1938-இல் முதல்வரான ஆசப் பைஸீ, புகழ்வாய்ந்த தைய்யப்ஜி குடும்பத்தின் உறவினர். கேம்பிரிட்ஜில் பயின்று முஸ்லிம் சட்டத்தில் பேரறிஞராக விளங்கியவர். இருவரும் மதிக்கத்தக்க பெரியோரே. அவர்கள் குடும்பமும் கல்வியும் இயல்பாகவே அவர்களைச் சட்டக் கல்லூரியின் வாயிலுக்கு அழைத்து வந்தன. அண்ணலோ ஒவ்வொரு படியையும் தாமே கல்லில் வெட்டிக்கொண்டு அதே வாயிலை அடைந்தார்.

பிரதிவாதியான பேராசிரியர்

சட்டம் கற்பித்துக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அண்ணல் தாமே ஒரு வழக்கில் பிரதிவாதியாகவும் நின்றார். அவ்வழக்கும் தண்ணீரைப் பற்றியதே.

கொலாபா மாவட்டத்து மகாட் நகரில் சவதார் குளம் என்றொரு பொதுக்குளம் உண்டு. பொது நீர்நிலைகளை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டசபை 1923-இல் தீர்மானித்திருந்தது. மகாட் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக முடிவு செய்திருந்தது. ஆயினும் ஏட்டில் திறந்த குளம் நடப்பில் மூடியே கிடந்தது. 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்து சென்று, அக்குளத்து நீரைத் தம் கையால் அள்ளிப் பருகினார். சாதி இந்துக்கள் அம்மக்களைத் தாக்கினர். குளம் தீட்டுப்பட்டதென்று சாணமும் கோமூத்திரமும் ஊற்றிச் சடங்கு செய்தனர். நகராட்சியும் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் இரண்டாம் மாநாடு கூடவிருந்த நேரத்தில், குளம் தங்களுக்கே உரியதென்று சாதி இந்துக்கள் சிலர் நீதிமன்றத்தில் வழக்கிட்டு, தற்காலிகத் தடையாணையும் வாங்கினர்.

தடையை மீறிக் குளத்தில் இறங்க மக்கள் ஆயத்தமாக இருந்தனர். சிறை செல்லவும் துணிந்திருந்தனர். அண்ணல் அவர்களைத் தடுத்தார். நியாயம் நம் பக்கம் இருக்கையில், நீதிமன்றத்திலேயே அதை நிலைநாட்டுவோம் என்பது அவர் முடிவாயிற்று. மக்கள் குளத்தைச் சுற்றி ஊர்வலமாக வந்து, அமைதியாகக் கலைந்தனர். மனிதனை மனிதன் இழிவுபடுத்தக் கூறும் மனுநூலை அதே மாநாட்டில், டிசம்பர் 25-ஆம் நாள், தீயிலிட்ட அண்ணல்தான் நீதிமன்றத்தின் ஆணைக்குப் பணிந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். எச்சட்டத்தை எரிப்பது, எச்சட்டத்தைக் கொண்டு போரிடுவது என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1931-இல் கீழ்நீதிமன்றமும், 1933-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அண்ணல் பக்கமே தீர்ப்பளித்தன. எதிர்த்தரப்பார் உயர்நீதிமன்றம் சென்றனர்.

உபாலியின் மரபு

இந்நிலையில் 1935-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அண்ணல் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வராகவும், பெர்ரி சட்டவியல் பேராசிரியராகவும் நியமனம் பெற்றார். அப்பேராசிரியப் பீடத்தின் பெயர்க் காரணத்தை நம்மவர் அறிதல் நலம். சர் எர்ஸ்கின் பெர்ரி என்பார் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பம்பாயில் தலைமை நீதிபதியாயிருந்த ஆங்கிலேயர். அவர் 1852-இல் நாடு திரும்பியபோது நகர மக்கள் நிதி திரட்டி அவர் நினைவாகச் சட்டப் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினர். அதிலிருந்தே 1855-இல் இக்கல்லூரி முளைத்தது. இதே பெர்ரி தலைவராயிருந்த கல்விக் குழுதான், அரசாங்கத்தின் பணம் குறைவாக இருப்பதால் மேல்வகுப்பாரின் கல்விக்கே முதலிடம் என்னும் கொள்கையைப் பின்பற்றியது. அக்கொள்கையால் நம்போன்றார் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட வரலாற்றை, 1928-இல் சைமன் குழுவுக்குக் கொடுத்த அறிக்கையில் அண்ணலே விரிவாக எடுத்துக் காட்டியிருந்தார். ஏழாண்டுகள் கழித்து, அந்தப் பெர்ரியின் பெயரால் அமைந்த இருக்கையில் மகார் குலத்து மகனாகிய அவரே அமர்ந்தார்.

பகவான் புத்தரின் சங்கத்தில் உபாலி என்பார் நாவிதர் குலத்தில் தோன்றியவர். சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, தங்கள் செருக்கு அடங்கவேண்டுமென அவர்களே விரும்பியதற்கிணங்க, உபாலிக்கே முதலில் துறவு அளிக்கப்பட்டது. பின்னர், பகவானின் பரிநிர்வாணத்திற்குப்பின் இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கக் கூட்டத்தில், சங்கத்தின் சட்டமாகிய விநயத்தை எடுத்தோதும் பொறுப்பு அந்த உபாலிக்கே வழங்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் சட்டத்தின் ஆசானாவது பௌத்த மரபுக்குப் புதிதன்று. தாதரில் தாம் கட்டிய இல்லத்திற்கு அண்ணல் இராசகிருகம் என்றே பெயரிட்டார். ஆயிரமாயிரம் நூல்களை அங்கே சேர்த்து வைத்தார்.

பதவியேற்ற நாளில் அவர் மனம் மகிழ்ந்திருக்க இயலாது. சில நாட்களுக்கு முன்னர்தான், மே 27-ஆம் நாள், அன்னை ரமாபாய் காலமானார். கணவர் கடல் கடந்து படித்த காலத்தில் வறுமையைத் தனியே சுமந்தவர். பெற்ற மக்களுள் யஷ்வந்த் ஒருவர் போக ஏனையோரை மண்ணுக்குக் கொடுத்தவர். கணவரின் உயர்வைக் காணுமுன் அவர் கண் மூடினார். அத்துயரோடுதான் அண்ணல் கல்லூரிக்குள் சென்றார்.

பதவி வாய்பூட்டவில்லை

கல்லூரியில் அவர் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியராக இருக்கவில்லை. 1936-இல் கல்லூரி இதழில், பம்பாய் மாகாணத்துச் சட்டக் கல்வியைச் சீர்திருத்தும் வகைகளைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். சட்டத்தின் அடிப்படைகளை உணர்தல், பரந்த பொதுஅறிவு, செய்திகளை முறைப்படுத்தும் திறன், தெளிவாக எடுத்துரைக்கும் ஆற்றல் ஆகியவை வழக்கறிஞனுக்கு இன்றியமையாதன என்பது அவர் கருத்து. சட்டம் மட்டும் கற்றவன் சட்டத்தையும் அறியான் என்பதே இதன் சாரம் என நாம் கொள்கின்றோம். பொருளாதாரம், வரலாறு, சமூகவியல் அனைத்தையும் கற்றபின் சட்டத்திற்கு வந்தவர் வேறெவ்வாறு எண்ணுவார்?

அரசாங்கக் கல்லூரியின் தலைவர் பதவி பெருமையும் பாதுகாப்பும் தருவது. அமைதியாக இருப்பின் நீதிபதிப் பதவிக்கும் வழி திறக்கலாம். அத்தகைய இடத்தில் அமர்ந்தவர் சொல்லை அளந்து பேசுதல் உலக இயற்கை. அண்ணல் செய்தது யாது? பதவியேற்ற ஐந்தாம் மாதத்தில், 1935 அக்டோபர் 13-ஆம் நாள், யேவலா மாநாட்டில், இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறப்பதில்லை என உலகறிய உறுதி கூறினார். மறு ஆண்டு, லாகூரில் சாதி ஒழிப்புச் சங்கத்தார் கூட்டவிருந்த மாநாட்டிற்குத் தலைமையுரை எழுதினார். அதில் சில பகுதிகளை மாற்றுமாறு அவர்கள் வேண்ட, ஓர் எழுத்தையும் மாற்ற மறுத்தார். மாநாடே நின்றுபோயிற்று. அவ்வுரையைத் தம் சொந்தச் செலவில் நூலாக அச்சிட்டார்; அதுவே இன்றும் உலகம் படிக்கும் சாதி ஒழிப்பு நூல். 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்து, 1937 தேர்தலில் வென்று, பம்பாய்ச் சட்டசபையில் கொங்கணத்துக் குடியானவரை வாட்டிய கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். இவையனைத்தும் சட்டக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோதே நிகழ்ந்தவை.

1937-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் மகாட் வழக்கில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நினைவுக்கெட்டாத காலந்தொட்டுத் தீண்டத்தகாதாரை விலக்கிவைக்கும் வழக்காறு இருந்ததென்பதை எதிர்த்தரப்பார் மெய்ப்பிக்கவில்லை என நீதிபதிகள் கண்டு, அவர்தம் மேல்முறையீட்டைத் தள்ளினர். வழக்குத் தொடங்கி ஒன்பதாண்டுகளுக்குமேல் கழிந்திருந்தது. வழக்காறு எப்போது சட்டமாகும் என்பது சட்டவியல் மாணவர் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று. அப்பாடத்தைப் புத்தகத்திலிருந்து கற்பிப்போர் பலர் உளர். அதைத் தம் தாகத்தின்வழி வாழ்ந்து, மூன்று நீதிமன்றங்களில் வென்று கற்பித்த பேராசிரியரை வேறெங்கும் நாம் கேள்வியுற்றதில்லை.

விடைபெற்றபின்

1938 மே மாதத்தில் அண்ணல் முதல்வர் பதவியை விட்டு விலகினார். அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் நாள், வேலைநிறுத்த உரிமையைச் சுருக்க வந்த தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தபோது அவரே முன்னணியில் நின்றார். நெசவாலையில் உழைத்தார்க்கு அதன் பொருள் தனியே விளக்க வேண்டுவதில்லை. வேலைக்கு வாராமல் நிற்கும் உரிமை பறிபோனபின் தொழிலாளிக்கும் அடிமைக்கும் இடையே வேறுபாடு மிக மெல்லியது.

1947-இல் சுதந்திர இந்தியாவின் முதற் சட்ட அமைச்சரானார். அவ்வாண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் அரசியலமைப்பு வரைவுக்குழு அமைந்தது. அதன் தலைமையும் அவரிடமே வந்தது. 1949 நவம்பர் 26-இல் நிறைவேறிய அச்சட்டத்தின் 17-ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. 15-ஆம் விதியைப் புரட்டிப் பாருங்கள்: கடைகள், சாலைகளோடு கிணறும், குளமும், நீராடு துறையும் பெயர் சொல்லி அங்கே இடம்பெற்றுள்ளன. ஒரு தேசத்தின் தலைமைச் சட்டத்தில் குளமும் கிணறும் ஏன் வரவேண்டும் என்று அயல்நாட்டார் வினவக்கூடும். சாத்தாராக் குழாயையும், சிடன்ஹாம் பானையையும், சவதார் குளத்தையும் அறிந்த நமக்கு அவ்வினா எழாது.

ஆசிரியத் தொழிலை அவர் இறுதிவரை மறக்கவில்லை. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தர் கல்லூரியைத் தொடங்கினார். வேலைக்குச் செல்லும் ஏழை மாணவரும் படிக்கத்தக்கவாறு அங்குக் காலை வகுப்புகள் நடந்தன. 1956-இல் அக்கழகத்தின் சார்பில் சட்டக் கல்லூரி ஒன்றும் தோன்றியது. அதற்கும் சித்தார்த்தர் பெயரே. அதே ஆண்டு அக்டோபரில் தம்ம தீட்சை. டிசம்பர் 6-இல் பரிநிர்வாணம். பெர்ரியின் பெயரால் அமைந்த பீடத்தில் அமர்ந்தவர், தம் வாழ்வின் கடையாண்டில் பகவானின் பெயரால் ஒரு சட்டப் பீடத்தை நமக்கு விட்டுச் சென்றார்.

அன்பர்களே, அண்ணலின் உருவப்படத்திற்கு மாலையிடுவது எளிது. அவர் கையில் இருக்கும் நூலைப் பார்ப்பதும் வேண்டும். நம் குடும்பங்களில் எத்தனை நிலத்தகராறுகள், கூலி வழக்குகள், சுடுகாட்டுப் பாதை வழக்குகள் சட்டம் தெரிந்த ஒருவர் இல்லாமையால் தோற்றன என்பதை நாமறிவோம். ஆகவே வீட்டுக்கொரு பிள்ளையேனும், ஆணாயினும் பெண்ணாயினும், சட்டம் பயில அனுப்புவோமாக. பயின்று பட்டம் பெற்று வரும் அப்பிள்ளையிடம், நீ எத்தெருவிலிருந்து சென்றாயோ அத்தெருவின் வழக்கை முதலில் எடு என்று கூறி அனுப்புவோமாக.